கைவிளக்கும் கழிவுநீர்க் கால்வாயும்

1855 ஜனவரியில் ரஷ்யாவோடு போரிடக் கிழக்கே போயிருந்த பிரிட்டிஷ் படையின் சராசரி எண்ணிக்கை 32,393. அந்த ஒரே மாதத்தில் காலரா, சீதபேதி, டைபஸ் போன்ற நோய்களில் செத்தவர்கள் 2,761 பேர். சண்டையில் பட்ட காயத்தால் செத்தவர்கள் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் வந்து இறங்கியது இதற்கு இரண்டு மாதம் முன்னால், 1854 நவம்பர் 4 அன்று.

'கைவிளக்கேந்திய காரிகை' என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தேதிக் கணக்கு இடிக்கும். அவர் வந்தார், சாவு குறைந்தது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நவம்பரில் 844 ஆக இருந்த நோய்ச்சாவு டிசம்பரில் 1,725 ஆனது, ஜனவரியில் 2,761 ஆனது. ஏன் ஏறியது, பிறகு எதனால் இறங்கியது, அதை அவர் எப்போது, எப்படிப் புரிந்துகொண்டார் என்பதைப் பார்த்தால்தான் இந்தப் பெண்மணி செய்த வேலையின் அளவு தெரியும்.

போருக்கு முன் அவருக்கு இருந்த அனுபவம் கொஞ்சம்தான். 1820-இல் பிறந்தார், பணக்கார ஆங்கிலக் குடும்பம். நர்ஸ் வேலை என்றால் கதியற்றவர்களும் குடிகாரிகளும் செய்வது என்று ஊர் நினைத்த காலம் என்பதால் வீட்டில் வருடக்கணக்கில் விடவில்லை. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதப் பயிற்சி. 1853 ஆகஸ்டில் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சின்ன மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளர் பதவி. அங்கே அவர் கேட்ட முதல் காரியங்கள் இரண்டு: ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர், சமையலறையிலிருந்து சாப்பாட்டை மேலே இழுத்து ஏற்ற ஓர் ஏற்றப்பெட்டி. இவை இல்லாவிட்டால் நர்ஸ் என்பவள் வெறும் ஒரு ஜோடிக் கால்தான் என்று எழுதினார். படியேறி இறங்குவதிலேயே நாள் போய்விட்டால் நோயாளியைக் கவனிப்பது யார் என்பது கேள்வி. ஸ்குட்டாரியிலும் அவர் கேட்டது இதே கேள்வியைத்தான், ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துக்கொண்டு.

1854 செப்டம்பர் 20-இல், கருங்கடலின் வடகரையில் ரஷ்யாவின் வசமிருந்த கிரீமியா தீபகற்பத்தில், அல்மா சண்டை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுத்துணிகூட இல்லை என்று டைம்ஸ் நாளிதழின் நிருபர் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து எழுதிய செய்தி அக்டோபரில் வெளிவந்ததும் லண்டன் கொதித்தது. ராணுவச் செலவுக் கணக்கைப் பார்த்துவந்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் குடும்ப நண்பர். தன்னை அனுப்பலாமா என்று கேட்டு அக்டோபர் 14-இல் நைட்டிங்கேல் எழுதிய கடிதமும், போக முடியுமா என்று கேட்டு 15-இல் ஹெர்பர்ட் எழுதிய கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. 21-ஆம் தேதி 38 பெண்களோடு புறப்பட்டாயிற்று: கத்தோலிக்கக் கன்னியர் 10, ஆங்கிலிக்கன் அமைப்புகளிலிருந்து 14, சம்பளத்துக்கு வந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கள் 14.

போய்ச் சேர்ந்த இடம் மருத்துவமனையாகக் கட்டப்பட்டதே இல்லை. செலிமியே என்ற துருக்கியப் படைவீரர் குடியிருப்பு அது. நடுவில் பெரிய முற்றம், நான்கு பக்கமும் நீண்ட தாழ்வாரங்கள், மூலைக்கு ஒரு கோபுரம். இன்றும் துருக்கிய ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. அறைகள் நிரம்பியதும் தாழ்வாரங்களில் இரண்டு வரிசையாக வைக்கோல் மெத்தைகளைப் போட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் நான்கு மைல் நீளும் என்று நைட்டிங்கேல் கணக்குச் சொன்னார். வந்த குழு முழுவதற்கும் ஒதுக்கியது ஒரு சமையலறையும் ஐந்து அறைகளும். அதில் ஓர் அறையில் ரஷ்ய ஜெனரல் ஒருவரின் சடலம் எடுக்கப்படாமல் கிடந்தது. குடிக்க, கழுவ, தேநீர் போட என எல்லாவற்றுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பைன்ட் தண்ணீர், அதாவது அரை லிட்டரைவிடச் சற்று அதிகம்.

முதல் சில நாள் நர்ஸ்கள் வார்டுக்குள் போகவே இல்லை. ராணுவ மருத்துவர்கள் அவர்களை விரும்பவில்லை. லண்டன் பத்திரிகைகள் அனுப்பிய உளவாளிகளாகப் பார்த்தார்கள். மருத்துவர் கூப்பிடாமல் யாரும் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று நைட்டிங்கேல் தன் ஆட்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி, அவர்களை உட்காரவைத்துத் தலையணையும் கட்டுத்துணியும் தைக்கச் சொன்னார். கண்முன்னே ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது இது கல்நெஞ்சம் என்று கூடவந்தவர்களில் சிலருக்குத் தோன்றியது. எனக்கு இது அவருடைய மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவாகப் படுகிறது. அழைப்பில்லாமல் நுழைந்திருந்தால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நவம்பர் 5-இல் நடந்த இன்கர்மன் சண்டையில் அடிபட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்ததும் மருத்துவர்களே கூப்பிட்டார்கள்.

இனி அன்றாடம். அவர் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிய பொருள்களில் ஒன்று தரை தேய்க்கும் பிரஷ், நூற்றுக்கணக்கில். டிசம்பரில் ஆயிரம் பேருக்கு மேல் கடும் பேதியில் கிடந்தார்கள். மலச்சட்டிகள் இருந்தவை 20. கழிப்பறைகள் அடைத்துப் பொங்கி நின்றதால் வார்டிலேயே பெரிய மரத்தொட்டிகளை வைத்திருந்தார்கள். அவற்றைக் காலிசெய்வது ஆர்டர்லிகளின் வேலை. ஆர்டர்லி என்றால் பயிற்சி பெற்றவர் இல்லை, பாதி தேறிய சிப்பாய். கை பழகுவதற்குள் படைப்பிரிவுக்குத் திரும்ப அழைத்துவிடுவார்கள். தொட்டி 24 மணி நேரம்கூட அப்படியே நிற்கும். நைட்டிங்கேல் அதட்டவில்லை, புகார் எழுதவில்லை; தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார், அதைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நகரமாட்டார்.

சமையலைப் பார்ப்போம். ஒரே சமையலறையில் 13 செப்பு அண்டாக்கள். ஆர்டர்லி தன் வார்டுக்கான இறைச்சியை எலும்போடு நிறுத்து வாங்கி, அடையாளத்துக்குக் கந்தல் துணி, பொத்தான், ஆணி, சில சமயம் கத்தரிக்கோல்கூடக் கட்டி அண்டாவில் போடுவான். இறுகக் கட்டியிருப்பதால் உள்ளே வேகாது. தண்ணீர் சரியாகக் கொதித்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, குறித்த நேரம் ஆனதும் எடுத்துவிடுவார்கள். பிறகு கட்டிலில் வைத்தே வெட்டிப் பங்கு போடுவது. எடை எலும்போடு சேர்த்து என்பதால் ஒருவனுக்குக் கறி, பக்கத்தில் இருப்பவனுக்கு வெறும் எலும்பும் நரம்பும். கத்தி, முள்கரண்டி கிடையாது. இறைச்சி வெந்த அதே அண்டாவில், கழுவாமல், தேநீர். எலும்பை நீக்கிவிட்டுக் கறியை மட்டும் நிறுத்துக் கொடுங்கள் என்று நைட்டிங்கேல் கேட்டபோது, அதற்குப் புதிதாக ஒரு ராணுவ விதியே இயற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

சீதபேதிக்காரனுக்கு இந்தச் சாப்பாடு விஷம். அவனுக்குத் தேவை சிறுகச் சிறுகக் கொடுக்கும் ஆரோரூட் கஞ்சி, இறைச்சிச் சாறு, கொஞ்சம் ஒயின். வந்த பத்து நாளுக்குள் அவர் இரண்டு பத்தியச் சமையலறைகளைத் திறந்தார். கையோடு கொண்டுவந்த சிறு அடுப்புகள், ஆரோரூட், ஒயின் ஆகியவற்றை வைத்துத்தான். அங்கேயும் மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு கரண்டி வெளியே போகாது. 1855 வசந்தத்தில் லண்டனின் புகழ்பெற்ற சமையற்காரர் அலெக்சிஸ் சோயர் சொந்தச் செலவில் வந்து பெரிய சமையலறையைத் திருத்தினார். இறைச்சியைத் தளர்த்திக் கட்டு, வெந்த சாற்றைக் கொட்டாதே, சமையலுக்கு நிரந்தர ஆளை வை என்று எல்லாம் எளிய மாற்றங்கள். அவர் வடிவமைத்த மூடிய உருளை அடுப்பு பிரிட்டிஷ் ராணுவத்தில் நூறாண்டுகளுக்கு மேல் புழங்கியது.

சலவைக்கு ஒப்பந்தக்காரர் இருந்தார். துணியைக் குளிர்ந்த நீரில் அலசித் தருவார், பேன் அப்படியே திரும்பி வரும். டைபஸ் பேனால் பரவுவது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நைட்டிங்கேல் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்கள் வைத்து, படையோடு வந்து தவித்துக்கொண்டிருந்த சிப்பாய்களின் மனைவிமாரைச் சம்பளத்துக்கு அமர்த்தித் துணியைக் கொதிக்கவைத்து வெளுக்கச் செய்தார். பணம் டைம்ஸ் வாசகர்கள் திரட்டிய நிதியிலிருந்து வந்தது. காரணம் தெரியாமலே சரியான வைத்தியம்.

பண்டகசாலைதான் உண்மையான போர்க்களம். பொருள் இல்லை என்பது பாதி உண்மைதான்; இருந்த பொருளே வெளியே வராது. 'பர்வேயர்' என்ற பதவியில் இருந்த மருத்துவமனைப் பண்டக அதிகாரியிடம் மருத்துவர் கையெழுத்திட்ட கோரிக்கைச் சீட்டு (இப்போது ஆஸ்பத்திரிகளில் இன்டென்ட் என்கிறார்களே, அதுதான்) போக வேண்டும். சிப்பாய் தன் சட்டை, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் மூட்டையில் கொண்டுவருவான் என்பது விதி. எனவே மருத்துவமனை தரவேண்டியதில்லை. ஆனால் அல்மாவுக்கு முன்பே மூட்டைகளைக் கப்பலில் விட்டுவிட்டு இறங்கச் சொல்லியிருந்தார்கள். விதிப்படி அவனிடம் சட்டை உண்டு, உடம்பில்தான் இல்லை. வந்திறங்கிய 27,000 சட்டைகளை, குழு கூடிப் பார்வையிடாமல் பிரிக்கக்கூடாது என்று மூட்டையாகவே வைத்திருந்தார்கள். போர்முனையிலும் இதே கதை. காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் பல் ஆடிக்கொண்டிருந்த படைக்காக டிசம்பரில் பாலக்லாவா துறைமுகத்துக்கு வந்த 20,000 ராத்தல் எலுமிச்சைச் சாறு, தினப்படி ரேஷனில் சேர்க்க உத்தரவு இல்லை என்பதால் பிப்ரவரிவரை கொடுக்கப்படவில்லை. காப்பிக்கொட்டையைப் பச்சையாகவே கொடுத்தார்கள். வறுக்க விறகு இல்லை, அரைக்க எதுவும் இல்லை. நவம்பர் 14 புயலில் குளிர்கால உடைகளோடு 'பிரின்ஸ்' கப்பல் மூழ்கியது. அந்தக் குளிரில் பட்டினியும் உறைபனிப் புண்ணும் பேதியுமாக இருந்தவர்களை 300 மைல் கருங்கடல் தாண்டி ஸ்குட்டாரிக்கு அனுப்பினார்கள்.

விதியோடு சண்டைபோட்டு நேரம் போக்காமல் அவர் அருகிலேயே இன்னொரு பண்டகசாலை நடத்தினார். கான்ஸ்டான்டினோபிள் சந்தையில் வாங்கிய சட்டை, காலுறை, மரக்கரண்டி, தகரக் குளியல்தொட்டி, சோப்பு, துண்டு, அறுவைமேசை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அங்கிருந்து எடுக்கவும் மருத்துவரின் சீட்டு வேண்டும். டிசம்பரில் இன்னும் 800 பேர் வரப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, இடிந்துகிடந்த ஒரு பகுதியைச் செப்பனிட உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு என்று அதிகாரிகள் யோசித்துக்கொண்டிருக்க, அவரே ஆள் பிடித்துக் கூலி கொடுத்து வார்டுகளைத் தயார்செய்தார். அரசு பிறகு அந்தச் செலவைத் திருப்பிக் கொடுத்தது.

இவ்வளவும் நடந்தது. அந்த முதல் குளிர்காலத்தில் ஸ்குட்டாரியில் 4,077 பேர் செத்தார்கள். பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் இறந்தவர்கள் 42.7 சதவீதம்.

கட்டிலுக்கு மேலே இருந்ததை எல்லாம் அவர் சீர்செய்துகொண்டிருந்தார். கட்டடத்துக்குக் கீழே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பிப்ரவரியில் அரசு மாறி, புதிய அரசு ஒரு சுகாதார ஆணையத்தை அனுப்பியது: மருத்துவர்கள் ஜான் சதர்லண்ட், ஹெக்டர் கேவின், பொறியாளர் ராபர்ட் ராலின்சன். மார்ச் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். முன்பு வந்த ஆணையங்கள் பார்த்து அறிக்கை எழுதிப் போயின. இவர்களுக்கு வேலையை அங்கேயே தொடங்கி, முடியும்வரை நாள்தோறும் கண்காணிக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. வித்தியாசம் அந்த ஒரு வரியில்தான்.

தோண்டிப் பார்த்தால், கட்டடம் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல் நின்றது. காற்று கடலிலிருந்து வீசும்போது நாற்றம் குழாய்வழியே தாழ்வாரங்களுக்கு ஏறியது. மருத்துவமனைக்கு வரும் தண்ணீர்க் கால்வாயில் ஒரு செத்த குதிரை அழுகிக்கிடந்தது. தண்ணீர் அதைத் தாண்டித்தான் வந்தது. முதல் இரண்டு வாரத்தில் 556 கைவண்டியும் கூடையுமாகக் குப்பை அள்ளினார்கள். செத்த விலங்குகள் 24, குதிரைகள் 2 புதைக்கப்பட்டன. சாக்கடையைத் திறந்து நீர்பாய்ச்சிக் கழுவினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், எலி குடியிருந்த மரத்திண்ணைகளைப் பெயர்த்தார்கள், கூரையில் காற்றுப்போக்கி வைத்தார்கள். படை முழுவதிலும் நோய்ச்சாவு மார்ச்சில் 1,205, ஏப்ரலில் 477. ஸ்குட்டாரியில் ஜூன் மாதம் 2.2 சதவீதம்.

எல்லாப் புண்ணியமும் சாக்கடைக்கே என்று சொல்லிவிடவும் முடியாது. வெயில் வந்தது. பாலக்லாவாவிலிருந்து மேட்டில் இருந்த படைமுகாமுக்கு ரயில்பாதை போட்டு உணவும் விறகும் போகத் தொடங்கின. புதிதாக வரும் நோயாளிகள் குறைந்ததால் நெருக்கடியும் குறைந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் அவ்வளவு செவிலியர் பணிவிடையும் நல்ல கஞ்சியும் நடந்துகொண்டிருந்தபோதே சாவு ஏறியது என்பதை மறுக்க வழியில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் அவர் இதன் முழுப் பொருளைக் கண்டார். புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் துணையோடு கணக்குகளை எடுத்து உட்கார்ந்தபோது முதல் தலைவலி, ஒரே மருத்துவமனையின் சாவுக்கு வெவ்வேறு பதிவேடுகள் வெவ்வேறு எண்ணிக்கை சொன்னது. புதைத்தவர்கள் பட்டியலும் இறந்தவர்கள் பட்டியலும் பொருந்தவில்லை. எல்லா மருத்துவமனைக்கும் ஒரே மாதிரிப் படிவம் வேண்டும் என்று 1860-இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் அவர் வற்புறுத்தியதன் வேர் இதுதான்.

அடுத்து, மாதத்துக்கு மாதம் படையின் அளவு மாறுவதால் வெறும் சாவு எண்ணிக்கையை ஒப்பிடக்கூடாது. எனவே அந்த மாதச் சாவை 12-ஆல் பெருக்கி, படையின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினார்கள். 1855 ஜனவரிக்குப் போட்டுப் பாருங்கள்: 2,761 × 12 ÷ 32,393 × 1,000 = 1,022.8. அதாவது அந்த வேகத்தில் போயிருந்தால் ஒரு வருடத்துக்குள் ஒட்டுமொத்தப் படையும் நோயிலேயே முடிந்திருக்கும், எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல். 1856 மார்ச்சில் படை 46,140 பேர். நோயில் செத்தவர்கள் 15, விகிதம் 3.9.

அமைச்சர்கள் அட்டவணை படிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு என்று 1858-இல் வரைந்த படம் இன்றும் வகுப்பறைகளில் காட்டப்படுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் போட்ட படங்களில் ஆரத்தின் நீளம்தான் விகிதத்தைக் காட்டியது. 1854 ஜூலையின் விகிதம் 150. ஜனவரி அதைப்போல 6.8 மடங்கு. ஆரத்தை 6.8 மடங்கு நீட்டினால் பரப்பு 46 மடங்கு ஆகிவிடும், கண் பரப்பைத்தான் பார்க்கும். அதனால் பிந்தைய படத்தில் பரப்பே விகிதத்தைக் காட்டும்படி மாற்றினார், ஆரம் 2.6 மடங்குதான் நீளும். தன் கட்சிக்குச் சாதகமான மிகையைத் தானே நீக்கியவர் என்பதற்காகவே இந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

கோட்பாட்டில் அவர் தவறு. நாற்றக் காற்றுதான் நோய் தரும் என்று நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்க வெகுகாலம் தயங்கினார். நாற்றத்தை ஒழிக்கப் போனவர்கள் மலத்தையும் பேனையும் கெட்ட தண்ணீரையும் சேர்த்து ஒழித்தார்கள், அதனால் பலித்தது.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களில் அவர் கையில் இருக்கும் அலாவுதீன் விளக்கு ஓவியர்களின் கற்பனை. ஸ்குட்டாரியில் புழங்கியது ஃபானூஸ் எனும் துருக்கி விளக்கு: மேலும் கீழும் தகடு, நடுவில் மடியக்கூடிய துணிக்கூடு, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. இரவு குறித்த நேரத்துக்கு மேல் வேறு எந்த நர்ஸும் வார்டில் இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி. அதனால்தான் சிப்பாய்கள் இரவில் பார்த்த ஒரே பெண் அவரானார். டைம்ஸ் நிதியை நிர்வகித்தவரின் வர்ணனையும், 1857-இல் வந்த ஓர் அமெரிக்கக் கவிதையும் அந்தப் பிம்பத்தை நிலைநிறுத்தின. பகலில் அவர் எழுதிய கடிதங்களையும் பேரேடுகளையும் யாரும் பாடவில்லை. சிப்பாய் சம்பளத்தைக் குடித்தே தீர்ப்பான் என்று அதிகாரிகள் சொன்னபோது, வீட்டுக்குப் பணம் அனுப்ப அவர் செய்த ஏற்பாட்டின் வழியே ஆறு மாதத்துக்குள் 71,000 பவுண்டு ஊர்போய்ச் சேர்ந்தது.

பதவி ஆணையில் ஒரு சொல் அவரைக் கடைசிவரை படுத்தியது. 'துருக்கியில் உள்ள' மருத்துவமனைகளின் பெண் செவிலியர் கண்காணிப்பாளர் என்று எழுதியிருந்தார்கள். கிரீமியா துருக்கி இல்லையே, அங்கே உமக்கென்ன அதிகாரம் என்று தலைமை மருத்துவ அதிகாரி ஜான் ஹால் மடக்கினார். 1855 மே மாதம் பாலக்லாவாவுக்குப் போன நைட்டிங்கேல் அங்கேயே கடும் காய்ச்சலில் விழுந்தார். அது கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா நோயாக இருக்கலாம் என்பது இன்றைய மருத்துவர்கள் சிலரின் கணிப்பு. பிறகு பல்லாண்டுகள் படுக்கையோடு கிடந்ததற்கு அது பொருந்துகிறது. கிரீமியாவுக்கும் சேர்த்து அதிகாரம் தரும் உத்தரவு வந்தது 1856 மார்ச் நடுவில். அந்த மாதக் கடைசியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கூட்டுப்படையின் முற்றுகைக்குள் இருந்த கிரீமியத் துறைமுகம் செவஸ்தபோலில் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகலாய் பிரகோவ், பெருங்கோமகள் எலேனா பாவ்லவ்னா அனுப்பிய செவிலியர் குழுவைக் கட்டுப்போடுபவர்கள், மருந்து பார்ப்பவர்கள், பண்டம் பார்ப்பவர்கள் என்று பிரித்து வைத்திருந்தார். காயம்பட்டவர்களை வந்தவுடன் ஐந்து வகையாகத் தரம்பிரிப்பதும் அவர் ஏற்பாடு. ஆங்கிலத்தில் வராததால் நமக்கும் வராமல் போன கதை.

நாட்டு மக்கள் திரட்டிக் கொடுத்த சுமார் 45,000 பவுண்டு நிதியில் 1860 ஜூன் 24 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 மாணவிகளோடு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஓராண்டுப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, கைச்செலவுக்கு 10 பவுண்டு.

அதற்குள் அவர் கவனம் இந்தியாவுக்குத் திரும்பியிருந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சண்டையில்லாமலே செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சாவுகளை ஆராய 1859-இல் அமைந்த அரசு ஆணையத்துக்காக ஒவ்வொரு படைமுகாமுக்கும் கேள்விப் படிவம் அனுப்பித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். அதன் பயனாக 1864-இல் சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் வந்தன. 1866-இல் சென்னை ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு, போர்க்காலத்தில் கான்ஸ்டான்டினோபிள் தூதரகத்தில் இருந்தவர். அங்கேயே நைட்டிங்கேலை அறிந்தவர். கூவம் முகத்துவாரத்தில் நாம் கடந்துபோகும் பாலத்துக்குப் பெயர் தந்த அதே நேப்பியர்தான். இருவரும் சென்னை மாகாணத்தின் சுகாதாரம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1873-இல் சிப்பாய்களின் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 18 ஆக இறங்கிவிட்டது என்று அவர் அறிக்கை கொடுத்தார். அது படைமுகாம்களின் கணக்கு. முகாமுக்கு வெளியே ஊர்களில் இருந்தவர்களுக்கு அந்தக் குழாயும் கால்வாயும் போகவில்லை என்பதை அவரும் அறிந்தே இருந்தார். பிந்தைய ஆண்டுகளில் பாசனம், பஞ்சம், கிராமச் சுகாதாரம், விவசாயியின் கடன் என்று எழுதிக்கொண்டேயிருந்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.